கட்டி முடித்தும் பறக்காத ஒன்று

“செஞ்சு முடிச்சு, டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணி, அப்புறம் எதுக்குப்பா மேல அனுப்பலை?” 2025 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் முருகேஷ்பாளையாவில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் வீட்டுக்கார மாமா ஓர் அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோளைப் பற்றி இப்படிக் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. பட்ஜெட், அமெரிக்கக் காங்கிரஸ், விமானப்படை என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் முடித்ததும் “அதெல்லாம் சரி, எதுக்கு அனுப்பலை?” என்று புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் அன்று இரவு படுத்த பிறகு, நான் சொன்ன பதிலில் அவர் கேட்டதற்கான பதில் எங்கேயும் இல்லை என்பது புரிந்தது.

பேச்சு எப்படி அங்கே போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன கம்பெனியில். கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் காற்று, அலை நிலவரம் தயாரித்துக் கொடுக்கிறோம். சொந்தமாக எதையும் அளப்பதில்லை. உலகத்தில் யார் யாரோ அளந்து இலவசமாகப் போட்டு வைக்கும் தரவுகளை இறக்கி, சலித்து, வாடிக்கையாளருக்குப் புரியும்படி படமாக்குவதுதான் பிழைப்பு. அந்த ஜூன் கடைசி வாரத்தில் அமெரிக்காவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. டிஎம்எஸ்பி என்ற ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்களின் மைக்ரோவேவ் தரவு ஜூன் 30க்குப் பிறகு கிடைக்காது. இணையப் பாதுகாப்பு காரணமாம். ஒரு வாரம்கூட அவகாசம் இல்லை, அதுவும் அட்லாண்டிக்கில் புயல் காலம் தொடங்கியிருக்கும் நேரத்தில். உலகம் முழுக்கப் புயல் ஆய்வாளர்கள் கத்தினார்கள். கெடு ஜூலை 31 வரை தள்ளிப்போனது. கடைசியில், சரி, தொடர்ந்து தருகிறோம் என்றார்கள். இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் நான் அந்தச் செயற்கைக்கோள்களின் கதையை முதன்முறையாக உட்கார்ந்து படித்தேன். பத்து வருடமாக அந்தத் தரவைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, காவிரி எங்கே என்று யார் கேட்கிறார்கள்?

கஜா புயல் வந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2018 நவம்பர் 15. பெரியம்மா வீடு பட்டுக்கோட்டைப் பக்கம், சுற்றிலும் தென்னந்தோப்பு. இங்கே பெங்களூரில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். வழக்கமான இன்ஃப்ராரெட் படத்தில் கடல் மேல் ஒரு வெள்ளைப் பஞ்சுப் பொதி தெரியும், அவ்வளவுதான். அது மேகத்தின் கூரை. கூரைக்குக் கீழே புயலின் மையம் எங்கே இருக்கிறது, சுற்றி வளையம் கட்டிவிட்டதா, இன்னும் கலைந்துதான் கிடக்கிறதா என்று இரவில் அந்தக் கூரையைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். மைக்ரோவேவ் அந்தக் கூரையை ஊடுருவிப் பார்க்கும். மழைத்துளியும் பனித்துகளும் இருக்கும் இடத்தைச் சிவப்பாகவும் மஞ்சளாகவும் காட்டும். அன்றிரவு அப்படி ஒரு படத்தில் சிவப்பு வளையத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெரியம்மாவுக்குப் போன் செய்து, ஓட்டு வீட்டை விட்டு எதிர்வீட்டு மாடிக்குப் போகச் சொன்னேன். ஏற்கெனவே போய்விட்டதாகச் சொன்னார். தோப்பு போயிற்று, ஆட்கள் பிழைத்தார்கள். அந்தப் படம் எந்தச் செயற்கைக்கோளுடையது என்று அன்று பார்க்கவில்லை. 2025இல் பழைய கோப்புகளைத் தோண்டினேன். கோப்பின் பெயரிலேயே இருந்தது: எஃப்-17, அந்த டிஎம்எஸ்பி வரிசையில் ஒன்று. அமெரிக்க விமானப்படையின் சொத்து, 2006 நவம்பரில் மேலே போனது.

மேகம் என்ற எதிரி

ராணுவத்துக்கு எதற்குத் தனியாக வானிலைச் செயற்கைக்கோள் என்று கேட்டால், குண்டு போடவும் கப்பல் ஓட்டவும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆரம்பம் அது இல்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா கொரோனா என்ற பெயரில் உளவுச் செயற்கைக்கோள்களை ஏவிக்கொண்டிருந்தது. பெயருக்குச் சிரிக்க வேண்டாம், அது அந்தக் காலத்துக் கொரோனா. அதில் இருந்தது நிஜமான ஃபிலிம் சுருள். சோவியத் நாட்டைப் படம்பிடித்து முடித்ததும் சுருளை ஒரு கலத்தில் வைத்துக் கீழே போடுவார்கள். அது பாராசூட்டில் இறங்கும்போது பசிபிக் கடல் மேலே ஒரு விமானம் கொக்கி போட்டுப் பிடிக்கும். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த சுருளைக் கழுவிப் பார்த்தால், அடி அடியாக மேகம். கேமராவுக்கும் ஃபிலிமுக்கும் கோடிக்கணக்கில் செலவழித்து மேகத்தைப் படமெடுத்திருக்கிறார்கள். எந்த ஊர் மேல் நாளை வானம் தெளிவாக இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அங்கே மட்டும் கேமராவைத் திறக்கலாமே என்ற கணக்கில் பிறந்ததுதான் பிற்பாடு டிஎம்எஸ்பி ஆன இந்தத் திட்டம். வானிலைக்காக வானிலையைப் பார்க்கவில்லை. ஃபிலிமை மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள்.

நாசாவிடம் அப்போதே டைரோஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோள் இருந்தது, 1960 ஏப்ரல் 1இல் ஏவியது. ஆனால் அது பம்பரம் போல ஒரே திசையில் அச்சை வைத்துச் சுற்றியதால், கேமரா பாதி நேரம் பூமியைப் பார்க்காமல் வெறும் விண்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. உளவுத்துறை அவசரத்துக்கு அது ஆகவில்லை. தாமஸ் ஹெய்க் என்ற விமானப்படை அதிகாரியிடம் வேலையைக் கொடுத்தார்கள். சின்னக் குழு, பேசி முடித்த ஒரே விலை, இடையில் மேற்பார்வை கம்பெனி எதுவும் கிடையாது. ஆர்சிஏ என்ற கம்பெனி கட்டிக்கொடுத்தது. சுமார் 45 கிலோ எடை. அவர்கள் செய்த மாற்றம், கேட்கும்போது இதற்கா இவ்வளவு என்று தோன்றும்: பம்பரத்தைப் படுக்கவைத்தார்கள். வண்டிச் சக்கரம் சாலையில் உருள்வது போலச் செயற்கைக்கோள் தன் பாதையில் உருண்டுகொண்டே போகும். ஒவ்வொரு சுற்றிலும் கேமரா ஒருமுறை நேராகக் கீழே பார்க்கும், அப்போது ஒரு படம். அச்சை அப்படியே பிடித்து வைக்க உள்ளே கம்பிச் சுருள்கள் இருந்தன. மின்சாரம் பாய்ச்சினால் பூமியின் காந்தப்புலத்தைத் தள்ளி நிலைநிறுத்தும். எரிபொருள் வேண்டாம்.

1962 மே 23இல் ஏவிய முதல் முயற்சி கடலில் போயிற்று. மூன்று மாதம் கழித்து ஆகஸ்ட் 23இல் ஜெயித்தார்கள். (ஆகஸ்ட் 23! 2023இல் அதே தேதியில் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய சாயங்காலம் எங்கள் தெரு மளிகைக்கடையில் யாருக்கென்று பார்க்காமல் மைசூர்பாகு கொடுத்தார்கள். 1962இல் அந்தக் குழுவால் வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க முடியாது.) இரண்டே மாதத்தில் கியூபா நெருக்கடி வந்தபோது கரீபியன் கடல் மேல் மேகம் எப்படி இருக்கிறது என்று சொல்ல இதைத்தான் பயன்படுத்தினார்கள். இப்படி ஒன்று மேலே இருக்கிறது என்பதையே 1973 வரை வெளியே ஒப்புக்கொள்ளவில்லை.

மிச்சம்

எனக்கு இதில் உறுத்திய விஷயம் வேறு. நமக்குக் கிடைத்தது எல்லாமே அவர்களுடைய மிச்சம். இரவிலும் மேகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, நிலா வெளிச்சத்திலேயே படமெடுக்கும் அளவுக்கு நுட்பமான ஒரு கருவியை டிஎம்எஸ்பியில் வைத்தார்கள். மேகம் இல்லாத இரவுகளில் அதில் ஊர் விளக்குகள் விழுந்தன. அவர்களுக்கு அது குப்பை. பிறகு அந்தக் குப்பையை எடுத்து வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் எந்த நாடு எவ்வளவு வளர்ந்தது, எந்த மாவட்டத்துக்குக் கரண்ட் வந்தது என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். 1992 முதல் அந்தப் படங்கள் கோப்புகளாகக் கிடைக்கின்றன. வருடாவருடம் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் பெங்களூர் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டிலிருந்து ஓசூர் வரை கசிந்து பரவுவதைப் பார்க்கலாம். துருவக் கடல்பனி எவ்வளவு உருகுகிறது என்று செய்தித்தாளில் போடும் அந்த வளைகோடு இருக்கிறதே, 1987க்குப் பிறகு அதன் பெரும்பகுதி இந்த ராணுவச் செயற்கைக்கோள்களின் மைக்ரோவேவ் கருவிகள் அளந்ததுதான். பட்டுக்கோட்டை மேல் நான் பார்த்த சிவப்பு வளையமும் அதே கருவி வகை.

மிச்சத்தில் சாப்பிட்டவன் பந்தியை எப்போது எடுப்பார்கள் என்று கேட்க முடியுமா? அலுவலகத்தில் இதைச் சொன்னபோது உடன் வேலை பார்க்கும் பெண், “அவங்க வரிப்பணம், அவங்க முடிவு, நமக்கு எதுக்குக் கோபம்?” என்றாள். நியாயம்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. நம்மிடமும் ஒன்று இருந்தது. இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து 2011 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய மேகா-டிராபிக்ஸ். அதன் மைக்ரோவேவ் கருவிக்குப் பெயரே மெட்ராஸ். சுழன்று பார்க்க வேண்டிய அந்தக் கருவி 2013 ஜனவரியில் மக்கர் செய்து நின்றுபோனது. மற்ற கருவிகள் பல வருடம் ஓடின. 2023 மார்ச்சில் பசிபிக்கில் இறக்கி முடித்தார்கள். நம் இன்சாட் வரிசை 36,000 கிலோமீட்டரிலிருந்து அரைமணிக்கொருதரம் படம் தருகிறது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து அந்தக் கூரையைத்தான் பார்க்க முடிகிறது. நம் ராணுவத்துக்கென்று தனியாகப் போனவற்றில் வெளியே தெரிந்த கடற்படையின் ஜிசாட்-7ம் விமானப்படையின் ஜிசாட்-7ஏவும் தகவல்தொடர்புக்கானவை.

இரண்டு மாதம்

இந்தப் புலம்பலைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் மாமாவிடம் கொட்டினேன். அவர் ஆம்பூர்ப் பக்கம். ஐடிஐ முடித்து எழுபதுகளின் கடைசியில் பெங்களூர் வந்தவர். பீன்யாவில் ஒரு பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் செயற்கைக்கோள்களுக்கு ஹார்னஸ் கட்டினார். ஹார்னஸ் என்றால் ஒயர் கட்டு. செயற்கைக்கோளுக்குள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஓடும் நூற்றுக்கணக்கான ஒயர்கள், நரம்பு மாதிரி. தரவு, மைக்ரோவேவ், புயல் எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. பேச்சோடு பேச்சாக எஃப்-20 பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்தார்.

இந்த வரிசையின் கடைசிச் செயற்கைக்கோள்களை 1990களிலேயே மொத்தமாகக் கட்டி வைத்துவிட்டார்கள். மேலே ஒன்று செத்தால் அடுத்தது, அது செத்தால் அதற்கடுத்தது. எஃப்-19 பல வருடம் கிடங்கில் இருந்து, 2014 ஏப்ரல் 3இல் கலிபோர்னியாவின் வாண்டன்பர்க்கிலிருந்து மேலே போனது. மிச்சம் இருந்தது எஃப்-20 ஒன்றுதான். அதை அனுப்ப வேண்டுமா என்று விமானப்படை முதலில் தயங்கியது. பழைய தொழில்நுட்பம், ராக்கெட்டுக்கு வேறு தனிச் செலவு. பிறகு மனம் மாறி, அனுப்பலாம் என்றது. அதற்குள் காங்கிரஸுக்குப் பொறுமை போயிருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்பே ஐம்பது கோடி டாலரை ஒரு வாகன நிறுத்துமிடத்தில் குவித்துக் கொளுத்தியிருந்தால் எல்லோருக்கும் தலைவலி மிச்சம் என்ற பொருளில் ஓர் உறுப்பினர் பேசினார். 2015 டிசம்பர் பட்ஜெட்டில் எஃப்-20க்கு ஏவப் பணம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். 2016 பிப்ரவரியில், ஏறக்குறைய இரண்டு மாதத்தில், மேலே இருந்த எஃப்-19 கட்டளைக்குக் கட்டுப்படாமல் போனது. பறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. கட்டளைகளை வேறு யாரும் படிக்காதபடி பூட்டித் திறக்கும் சங்கேதக் கருவிக்குப் போகும் மின்சாரம் நின்றுவிட்டது. கொஞ்ச காலம் படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன, கீழேயிருந்து சொல்வது மட்டும் அதன் காதில் விழவில்லை. வீட்டைப் பூட்டிய சாவி உள்ளேயே உடைந்த கதை. சரி, இப்போதாவது எஃப்-20ஐ அனுப்பினார்களா? இல்லை. அது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு படைத்தளத்தில் காட்சிப்பொருளாகப் போயிற்று. அடுத்த தலைமுறை மைக்ரோவேவ் செயற்கைக்கோள் மேலே போனது 2024 ஏப்ரல் 11இல்தான். இடையில் எட்டு வருடம், 2003, 2006, 2009இல் போன கிழங்கள்தான் ஓட்டின. அவற்றின் தரவைத்தான் 2025இல் நிறுத்தப் பார்த்தார்கள்.

இதை நான் சொல்லி முடித்தபோதுதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு நானே மறுபடி மாடிக்குப் போனேன். மாமி உதிரி மல்லிகை வாங்கி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார், மாமா பக்கத்தில் உட்கார்ந்து நாரை நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்ட மட்டும் விடமாட்டார் மாமி. “இவர் கட்டினா காம்பு அறுந்துடும், சாட்டிலைட்டுனு நெனச்சு இறுக்குவார்.” மாமா சட்டை செய்யாமல் ஒரு துண்டு நாரை எடுத்து, என் போன் சார்ஜர் ஒயரில் கட்டிக் காட்டினார். பெரிய பலகையில் ஹார்னஸின் வரைபடத்தை முழு அளவில் ஒட்டி, வளைவுக்கு வளைவு ஆணி அடிப்பார்களாம். ஒயர்களை அந்த ஆணிகளுக்கு நடுவே ஓட்டி, மெழுகு பூசிய நாடாவால் சீரான இடைவெளியில் கட்டிக்கொண்டே வர வேண்டும். முதலில் இரண்டு சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. மேலே ஒரு முடிச்சு. இழுக்கும்போது ஒயரின் தோல் அமுங்கக்கூடாது, ஆனால் விரலால் தள்ளினால் கட்டு நகரவும் கூடாது. “ராக்கெட் உதறுற உதறல்ல ஒரு ஒயர் இன்னொண்ணை உரசிச்சுன்னா போச்சு.” இன்ஸ்பெக்டர் லென்ஸ் வைத்து ஒவ்வொரு முடிச்சையும் பார்ப்பார். பிடிக்காவிட்டால் ஒரு சின்னக் கத்தரியால் நறுக்கென்று வெட்டிவிட்டுப் போவார், காரணம் சொல்ல மாட்டார். ஒருமுறை மூன்று மாதம் கட்டிய ஒரு முழு ஹார்னஸ் கடைசி வரை பறக்கவே இல்லையாம்.

“கஷ்டமா இல்லையா?” என்றேன்.

“அதுல என்ன கஷ்டம்? அது ஸ்பேரு. தேவைப்படாம இருக்கணும்னு கும்புட்டுக்கிட்டேதான் ஸ்பேரு கட்றது. அது அலமாரியிலயே கெடந்தா மேல போனது நல்லா இருக்குன்னு அர்த்தம்.” கொஞ்சம் நிறுத்தி, “நீ சொன்னது ஸ்பேரு இல்லையே. அதுக்கு ஒரு முறை இருந்துச்சில்ல?”

முறை என்ற சொல்லில் எனக்கு ஏதோ பிடிபட்டது. இருபது வருடம் கிடங்கில் கிடந்த எஃப்-20 வீணாகக் கிடக்கவில்லை, வரிசையில் நின்றிருக்கிறது. மேலே ஒன்று ஓடிக்கொண்டிருக்க, கீழே ஒன்று தயாராக நிற்க, இரண்டும் சேர்ந்துதான் அறுபடாத ஒரு பார்வை. நான் கணக்குப் பிள்ளை மாதிரி அதன் கிடங்குச் செலவையும் ஏவும் செலவையும் பார்த்துக்கொண்டிருந்தேன். காங்கிரஸும் அப்படித்தான் பார்த்தது, அதில் தப்பு இருப்பதாகவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொண்ணூறுகளின் சாமானை 2018இல் ஏற்றி அனுப்ப எவனுக்கு மனசு வரும்? ஆனால் அதே தொண்ணூறுகளின் சாமான்தான் பட்டுக்கோட்டை மேல் எனக்கு வளையம் காட்டியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இன்றுவரை முடியவில்லை.

மாமா படம் காட்டச் சொன்னார். 2014இல் ஏவுவதற்கு முன் சுத்த அறையில் நின்ற எஃப்-19இன் படம் கிடைத்தது. வெள்ளை அங்கி போட்ட ஆட்கள் நடுவில், ஆளை விட உயரமாக நின்றது. போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எல்லாத்தையும் போர்வை போட்டு மூடிட்டான். ஒரு முடிச்சுகூடத் தெரியலை” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் சார்ஜரில் கட்டிய நாரை அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழவில்லை. மாமி கத்தரியை நீட்டினார்.